‘திடீரென’ என்று எழுதாதே

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் குழுவின் ஐஸ்குச்சிப் பாலம் பற்றிய அறிக்கையை உன் மாமா கொண்டுவந்து கொடுத்தார். 60 செ.மீ. ஸ்பான், 84 கிலோ தாங்கியது, கல்லூரி விழாவில் இரண்டாம் பரிசு. சந்தோஷம். டிரஸ் கணக்கை நான் பார்க்கவில்லை. அதை உன் வாத்தியார் பார்த்திருப்பார். நான் உட்கார்ந்து எண்ணியது ஒரே ஒரு சொல்லை. ‘திடீரென’. 22 பக்கத்தில் நான்கு இடத்தில் வருகிறது. திடீரென உடைந்ததாம், திடீரெனச் சரிந்ததாம். படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது.

உன் 17ஆம் பக்கப் படத்தையே எடுத்துப் பார். வாளியில் மணல் விழுகிறது, எல்லாரும் கைதட்டுகிறீர்கள். மேல்நாணில் இடமிருந்து மூன்றாவது பேனல்: குச்சி வெளிப்பக்கமாக வில்லாக வளைந்து நிற்கிறது. கீழே ‘50 கிலோவில்’ என்று நீயே எழுதியிருக்கிறாய். இன்னும் 34 கிலோ ஏறும்வரை அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. அழுத்தத்தில் இருக்கும் மெல்லிய குச்சி நசுங்கிச் சாவதில்லை, பக்கவாட்டில் ஒதுங்கித்தான் சாகிறது. இரண்டு மேல்நாண்களையும் சேர்த்துக் குறுக்கே குச்சி ஒட்டியிருக்க வேண்டும். வெறும் குறுக்குக் குச்சியும் போதாது, இரண்டும் கைகோத்து ஒரே பக்கம் சாயும், மூலைவிட்டமும் வேண்டும். பிடிமானமில்லாத நீளம் பாதியானால் தாங்கும் சுமை நாலு மடங்கு. ஆய்லர் 1744இல் சொன்னது. பரீட்சையில் எழுதியிருப்பாய்.

கியூபெக் பாலம் தெரியுமா? கனடாவில், 1907இல். கட்டிக்கொண்டிருக்கும்போதே கீழ்நாண் ஒன்று, அதுவும் அழுத்தத்தில் இருந்த எஃகு உறுப்புதான், நெளிய ஆரம்பித்தது. முக்கால் அங்குலம் இருந்த வளைவு சில நாளில் இரண்டேகால் அங்குலம். அளந்தார்கள், எழுதினார்கள், விவாதித்தார்கள். ஆகஸ்டு 29 அன்று, இனிச் சுமை ஏற்றாதே என்ற தந்தி நியூயார்க்கிலிருந்து புறப்பட்டது; அன்று மாலையே பாலம் ஆற்றில் விழுந்து 75 பேர் போனார்கள். விழ எடுத்தது சில நொடிதான். அதை வைத்து யாராவது ‘திடீரென’ என்று எழுதினால் எனக்குக் கோபம் வராதா?

84 கிலோ என்ற எண்ணை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், உடையும்வரை மணலைக் கொட்டினால் போதும். ஐந்து கிலோவுக்கு ஒருமுறை நிறுத்தி நடுவில் எவ்வளவு தொய்ந்தது என்று குறித்தாயா? பாதிச் சுமையில் எல்லாவற்றையும் இறக்கி, பாலம் பழைய இடத்துக்கு வருகிறதா என்று பார்த்தாயா? கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 கேட்பது அதைத்தான்: 24 மணி நேரம் சுமையை வைத்திரு, இறக்கிய 24 மணி நேரத்துக்குள் தொய்வில் 75 சதவீதமாவது மீள வேண்டும்.

அந்த 24 மணி நேரத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு வாய்க்கால் பாலத்தின் மேல் மணல் மூட்டை அடுக்கி, கீழே சாரத்தில், தொய்வை அளக்கும் டயல் கேஜோடு என்னை உட்காரவைத்தார்கள். மணிக்கொரு ரீடிங். கொசு, அரிக்கேன் விளக்கு, தண்ணீர்ச் சத்தம். இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் தூங்கிவிட்டேன். ஒரு மணி ரீடிங்குக்கும் நாலு மணி ரீடிங்குக்கும் நடுவே சமமாகப் பிரித்து இரண்டு எண் போட்டு நிரப்பினேன். காலையில் மேலதிகாரி நோட்டைப் பார்த்தார். “எல்லா ரீடிங்கும் கொஞ்சம் ஏறி இறங்குது, இது ரெண்டு மட்டும் ரூல்தடி வச்சு இழுத்த மாதிரி இருக்கே. தூங்கிட்டீராக்கும்?” என்றார். மூட்டைகளை இறக்கி, சில நாள் கழித்து மறுபடி ஏற்றினோம். கூலியாட்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

அதனால்தான் உன் 11ஆம் பக்கத்தை மூன்று முறை படித்தேன். “மூன்று மூட்டுகளை முந்தின இரவு 11 மணிக்கு ஒட்டினோம். ஃபெவிக்கால் காய ஒரு நாள் விடவில்லை. தப்பு எங்களுடையது.” யாரும் கேட்காமலே எழுதியிருக்கிறாய். முதல் பரிசு வாங்கிய பாலத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் தேவையில்லை. இந்த மூன்று வரிக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? அந்த வயதில் எனக்கு இந்தத் தைரியம் இல்லையப்பா.

அடுத்த பாலம் எப்போது? என் பழைய டயல் கேஜை உன் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். முள் ஆரம்பத்தில் கொஞ்சம் ஒட்டும், விரலால் லேசாகத் தட்டிவிட்டு ரீடிங் எடு. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அன்புடன்,
பெரியவர்