கலப்பற்றுப் பாடம்

மன்னார்த் தீவிலே கடலுக்கு இரு முகங்கள் உண்டு. சோழகக் காற்று வீசுங் காலத்துத் தென்கரை கொந்தளிக்க, வடகரை அடங்கியிருக்கும். வாடைக் காற்றில் இந்நிலை மாறும். அக்காலங்களில் கரையேற்றப்பட்ட மரவள்ளங்களைச் செப்பனிடுதலே முன்னாளில் ஓடாவிமாரின் தொழில். கல்லூரியை விட்டு நீங்கிய ஆண்டில் பேசாலைக்குச் சென்றிருந்த யான், ஓடாவியார் ஒருவரிடம் சில கிழமைகள் மாணாக்கனாய் இருந்தேன்.

முதற் கிழமை முழுவதும் சாணைக்கல்லே பாடம். உளியின் சாய்முகம் ஏறத்தாழ 25 பாகையில் தட்டையாக அமைதல் வேண்டும். கை அசைந்தால் முகம் உருண்டுவிடும். உருண்ட உளி மரத்தை வெட்டாது, நசுக்கும். பெரியவர் அதன் வாயைத் தம் விரல் நகத்தில் வைத்துப் பார்த்து, வழுக்கினால் மீண்டும் கல்லுக்கு அனுப்புவார். அடுத்து வாய்ச்சியும் சீவுளியும். மரத்தின் நார் செல்லுந் திசையறிந்து சீவுதல் வேண்டும். எதிர்த்தால் நார் கிளம்பிப் பலகை கரடாகும்.

அப்பால் கலப்பற்று. பலகைகளின் இடைவெளியிற் பஞ்சுத்திரியைச் செலுத்தி, குங்கிலியமும் எண்ணெயுங் காய்ச்சிப் பூசும் இவ்வேலையின் பெயர் போர்த்துக்கேய மொழிவழி வந்ததென்பர். 1560 இல் மன்னாரைக் கைப்பற்றி 1658 இல் ஒல்லாந்தரிடம் இழந்த அவர்கள் மேசை, அலுமாரி, யன்னல் என்பவற்றையும் நம் நாவில் விட்டுச் சென்றனர். உளி, வாய்ச்சி, சீவுளி ஆகிய கருவிப் பெயர்களோ தமிழாகவே நின்றன. சொல்லாராய்ச்சியில் விருப்புடைய நண்பர்கள் இதனை நோக்குவாராக.

இறுகத் திணித்தலே திறமையென எண்ணிய யான், கொட்டாப்புளியால் ஓங்கியடித்து ஓர் இடைவெளியை நிரப்பி நிமிர்ந்தேன். பெரியவர் முழுவதையுங் கிளறியெடுத்தார். “தம்பி, தண்ணிக்கும் ஒரு பங்கு வேலை விட்டுவையும்” என்றார். காய்ந்த பலகை நீர் ஏறியதும் அகலத்தில் விரியும். நீளத்தில் விரிவு மிகச் சிறிது. அவ்விரிவுக்கு இடமின்றேல் ஆணிகள் இழுபட்டுப் பலகை கழன்றுவிடும். தலைமன்னார்ப் புகையிரதப் பாதையில் தண்டவாளங்களுக்கிடையே இடைவெளி விட்டிருந்தமைக்குக் காரணங் கூறத் தெரிந்த எனக்கு, வள்ளத்தில் அது தோன்றவில்லை!

எவ்வளவு திணிக்கலாமென்று அளவு கேட்டேன். அவர் கொட்டாப்புளியின் ஓசையைக் கேட்கச் சொன்னார். திரி தளர்ந்திருக்கையில் ஓசை மந்தமாயிருக்கும். போதிய அளவு இறுகியதும் தெளிந்தெழும். அவ்வேறுபாடு என் செவிக்குப் புலப்பட ஒன்பது நாட்கள் சென்றன.

1960களுக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் இக்கரைகளிற் பரவின. அவற்றிற் பலகையுமில்லை, இடைவெளியுமில்லை. மீனவர்க்கு வந்த நன்மையை யான் குறைகூறேன். ஆயினும் 25 பாகை என்று ஈண்டு எழுதிய எனக்கு, அவ்வோசையை எழுதும் வகை தெரியவில்லை. பெரியவர் தந்த உளியொன்று என்னிடம் உளது. அதனை இப்போது என் பெயரன் தீட்டுகிறான். முகம் இன்னும் உருண்டே வருகிறது.