கழற்றும் முன் குச்சியைப் பார்க்க வேண்டும்

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் ஒரு நாள் காலையில் 'டி'யில் போட்டதும் இரண்டு மூன்று நொடி அசையாமல் நிற்கும்; பிறகு ஒரு ஜெர்க்கோடு கிளம்பும். மேம்பாலம் ஏறும்போது ஆர்.பி.எம். முள் துள்ளும், வேகம் ஏறாது. பட்டறையில் விட்டால், "பாக்ஸ் போச்சு சார், இறக்கிப் பார்த்துடலாம்" என்று பதில் வரும். இறக்கிய பிறகு வரும் பில்லைப் பார்த்து, வண்டியையே விற்றுவிட்டவர்கள் உண்டு. இறக்கச் சம்மதிப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டு வாசலிலேயே பார்த்து முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

முதல் வேலை, வண்டியில் இருப்பது எந்த வகைக் கியர் பெட்டி என்று தெரிந்துகொள்வது. கிளட்ச் பெடல் இல்லாததெல்லாம் ஒரே இனமில்லை. 2014இல் மாருதி செலேரியோவோடு பிரபலமான ஏ.எம்.டி. உண்மையில் சாதாரண மேனுவல் பெட்டிதான். கிளட்ச்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் டிரைவருக்குப் பதில் ஓர் ஆக்சுவேட்டர் செய்கிறது. அது வழுக்கினால் கிளட்ச் தட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். சி.வி.டி.யில் பல்சக்கர வரிசைக்குப் பதிலாக இரண்டு கப்பிகளும் ஓர் எஃகுப் பெல்ட்டும். மூன்றாவது, பழைய சாண்ட்ரோ, ஐ10, சிட்டி, கொரோலா ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக்குகளில் பரவலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் வகை. இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைக்கானது.

இரண்டாவது வேலை, பெட்டியின் மேல் விழுந்த வீண்பழியை நீக்குவது. 'பி'யிலிருந்து 'டி'க்கு மாற்றும்போது 'டொக்' என்று கேட்டால் முதலில் இன்ஜின் மவுண்ட்டைப் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் அந்த ரப்பர் நைந்திருக்கும். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி 'டி', 'ஆர்' என்று மாற்றிப் போட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்த்தால் போதும். இன்ஜின் தூக்கிப் போட்டால் மவுண்ட் காலி. வண்டிக்கு நேர் முன்னால் மட்டும் யாரும் நிற்கக் கூடாது. ஐடில் ஆர்.பி.எம். அதிகமாக இருந்தாலும் இதே சத்தம் வரும். அழுக்கேறிய த்ராட்டில் பாடியைத் துடைத்ததுமே சரியான வண்டிகள் உண்டு. ஹோண்டாவில் 'டி' விளக்கு, பழைய டொயோட்டாவில் 'ஓ/டி ஆஃப்' விளக்கு விட்டு விட்டு மின்னினால் கம்ப்யூட்டர் ஏதோ கோளாறைக் குறித்து வைத்திருக்கிறது என்று பொருள். ஸ்கேனர் போட்டுக் கோடைப் படிக்காமல் ஸ்பானரைத் தொடக் கூடாது. ஒரு ஸ்பீடு சென்சாரோ சொலினாய்டோ மாற்றினாலே தீரக்கூடிய விஷயமாகவும் அது இருக்கலாம்.

அடுத்தது எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி. பலரும் தடுமாறுவது இங்கேதான்.

இன்ஜின் ஆயில் பார்க்கிற பழக்கத்தில், காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போது கியர் பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறார்கள். இந்த எண்ணெய் சூட்டில் கணிசமாக விரியும். ஆறியிருக்கும்போது குறைவாகக் காட்டுவது, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிய பிறகு சரியாக நிற்கும். குறைகிறதே என்று அரை லிட்டர் ஊற்றிவிட்டால் அளவு கூடிப்போய், சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் இருப்பது காற்று. காற்றால் கிளட்ச்சை அழுத்திப் பிடிக்க முடியாது. குறைந்தால் எப்படி வழுக்குமோ, கூடினாலும் அப்படியே வழுக்கும்.

வண்டிக்கு வண்டி முறை மாறுவது அடுத்த சிக்கல். டொயோட்டாவில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி 'பி'யிலிருந்து 'எல்' வரை ஒவ்வொரு இடத்திலும் சற்று நிறுத்தித் திரும்பவும் 'பி'க்குக் கொண்டுவந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை எடுக்க வேண்டும். எண்ணெய் 70 முதல் 80 டிகிரி சூட்டில் இருக்கும்போது 'ஹாட்' என்று குறித்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் நனைந்திருந்தால் சரி. ஹோண்டாவில் இதற்கு நேர்மாறு: ரேடியேட்டர் ஃபேன் சுழலும் அளவுக்குச் சூடேற்றி, இன்ஜினை அணைத்து, 60 நொடி பொறுத்து, 90 நொடிக்குள் பார்த்துவிட வேண்டும். ஹோண்டாவை டொயோட்டா முறையில் பார்த்துவிட்டு எண்ணெய் குறைவு என்று ஊற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஹூண்டாய் உரிமையாளர்கள் கையேட்டைத் திறப்பதுதான் நல்லது. டேஷ்போர்டு பெட்டிக்குள் கவர் கூடப் பிரிக்காமல் அது கிடக்கும்.

குச்சியை முதலில் உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, முழுதாக உள்ளே தள்ளி, மறுபடி உருவி, இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் காட்டினால் தாழ்ந்த பக்கத்தைத்தான் நம்ப வேண்டும். மற்றது குழாயின் சுவரில் உரசி வந்த ஈரம். குச்சியே இல்லாத வண்டிகளும் உண்டு. டொயோட்டாவின் டபிள்யூஎஸ் எண்ணெய் ஊற்றும் பெட்டிகள் பலவற்றில், குறிப்பிட்ட சூட்டில் அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி, வழிந்து நிற்பதை வைத்து அளவு பார்க்க வேண்டும். அது ரேம்ப்பும் ஸ்கேனரும் இருக்கும் பட்டறையின் வேலை.

அளவு நிஜமாகவே குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. இன்ஜின் ஆயிலைப்போல இது எரிந்து தீருவதில்லை. ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள், ஆக்சில் சீல்கள், அடித்தட்டு கேஸ்கெட் என்று இந்த வரிசையில் தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தால், ஒழுகும் இடத்தைக் காலையில் அதுவே காட்டிக்கொடுக்கும்.

குச்சியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டு நிறம் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் நலம். இளம்பழுப்பு என்றால் மாற்றும் காலம். கறுப்பும் கருகல் வாடையும் சேர்ந்திருந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. ரோஸ்மில்க்போல் வெளிறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை அதற்கு மேல் ஒரு தெருகூட ஓட்டக் கூடாது. பல வண்டிகளில் இந்த எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் கூலன்ட்டும் எண்ணெயும் கலந்துவிடும். தண்ணீர் பட்டால் கிளட்ச் தட்டின் உராய்வுப் பரப்பு பசைவிட்டு உரியும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம்போல் தண்ணீர் பானெட் வரை ஏறிய சமயங்களில் மூச்சுத் துளை வழியாகவும் அது பெட்டிக்குள் புகுந்துவிடும். அதனால் பழைய வண்டி வாங்கப் போகிறவர் சீட்டுக்கு அடியில் சேறு தேடுவதோடு, குச்சியின் நிறத்தையும் பார்த்துவிட வேண்டும்.

இனி எண்ணெய், அதாவது ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃபுளூயிட்) வாங்குவது. "ஏ.டி.எஃப். ஒரு லிட்டர்" என்று கேட்டு வாங்குவதுதான் பல பெட்டிகள் கெட்டதற்குக் காரணம். இந்த எண்ணெய்க்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள்: பல்சக்கரங்களில் வழுக்க வேண்டும், கிளட்ச் தட்டுகளில் பிடிக்க வேண்டும். அந்தச் சமநிலையைத் தருபவை உராய்வைச் சரிக்கட்டும் சேர்மங்கள். 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இதற்குத் திமிங்கில எண்ணெயைப் பயன்படுத்தினார்கள். திமிங்கிலங்களைக் காக்கும் சட்டம் குறுக்கே வந்ததும் புதிய கலவைகள் தேட வேண்டியதாயிற்று. இன்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. பழைய டொயோட்டாவுக்கு டைப் டி-ஃபோர், ஹோண்டாவுக்கு முன்பு இசட்-1, இப்போது அதன் இடத்தில் டிடபிள்யூ-1, ஐ10 காலத்து ஹூண்டாய்க்கு எஸ்பி-த்ரீ. எஸ்பி-ஃபோர் அடுத்த தலைமுறைப் பெட்டிக்கானது. எண் பெரிதாயிற்றே என்று வாங்கிவிடக் கூடாது. ஹோண்டாவின் பழைய சி.வி.டி.க்கு ஹெச்எம்எம்எஃப் என்று தனி எண்ணெய். அதில் சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் கிளம்பும்போதே வண்டி உதறும். டப்பாவில் 'எல்லா வண்டிகளுக்கும்' என்று அச்சடித்திருந்தால் அதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது உத்தமம்.

"பழைய எண்ணெயைத் தொட்டால் பாக்ஸ் போய்விடும்" என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ஏற்கெனவே தேய்ந்து வழுக்கும் பெட்டியை எந்த எண்ணெயும் காப்பாற்றாது. மாற்றிய மறுவாரம் அது நின்றால் பழி புது எண்ணெய் மேல் விழும். மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவும் ஃபிளஷிங், அடியில் படிந்த கசடைக் கிளப்பி வால்வ் பாடியின் மெல்லிய துவாரங்களில் கொண்டுபோய் அடைக்கவும் கூடும். பழைய வண்டிக்கு ஏற்றது வடித்து ஊற்றும் முறை மட்டுமே. 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்ற பேச்சையும் பொருட்படுத்த வேண்டியதில்லை. பி.எம்.டபிள்யூ. உள்ளிட்ட கார்களுக்குப் பெட்டி செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. நம் ஊர் வெயிலுக்கும் டிராஃபிக்குக்கும் 40,000 என்று வைத்துக்கொள்ளலாம்.

வடிக்கும்போது முதல் விதி: வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் ஊற்றும் துளை திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறுகிப்போன மூடியைத் திறக்க முடியாமல், எண்ணெயில்லாத வண்டியை ஏற்றிச் செல்ல ஆள் தேடியவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது, அடியில் இருக்கும் போல்ட் எது என்று உறுதிசெய்வது. இன்ஜின் ஆயிலை வடித்துவிட்டு, மேலே கியர் பாக்ஸில் ஊற்றும் கூத்து அடிக்கடி நடக்கிறது. சிவப்பாக வந்தால் சரியான போல்ட். ஹோண்டாவில் அடையாளம் சுலபம்: போல்ட்டின் தலையில் சதுரக் குழி இருக்கும், 3/8 அங்குல ராட்செட்டின் முனை நேராக அதில் பொருந்தும். வாஷரைப் புதிதாகப் போட வேண்டும், பழையதைத் திருப்பிப் போடக் கூடாது.

போல்ட்டின் காந்தத்தில் மை போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு, துடைத்துவிட்டுப் போடலாம். விரல் நுனியில் குத்துகிற உலோகச் சீவல்கள் இருந்தால் செலவுக்குத் தயாராக வேண்டும்.

வடிந்ததை லிட்டர் அளவு குறித்த பாட்டிலில் அளந்து, அதே அளவு ஊற்ற வேண்டும். மொத்த எண்ணெயும் வடியாது. பெரும்பங்கு டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். ஆறு லிட்டர் பிடிக்கும் பெட்டியில் இரண்டரை லிட்டர் வடிந்தால், ஒரு முறை மாற்றியதும் பழையது சுமார் 58 சதவீதம் மிச்சம் இருக்கும்; நடுவில் சில நாள் ஓட்டி, மூன்று முறை மாற்றினால் 20 சதவீதமாக இறங்கும். அடித்தட்டில் ஃபில்டர் இருக்கும் மாடலானால் அதையும் இதே சமயத்தில் மாற்றிவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் வழுக்கினால் பெட்டியை இறக்கத்தான் வேண்டும். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோக ஃபிளாட்பெட் லாரி தேவை. முன்சக்கர இழுவை கொண்ட ஆட்டோமேட்டிக்கை முன்சக்கரம் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுத்தால், இன்ஜின் ஓடாததால் ஆயில் பம்ப்பும் ஓடாது. மிச்சமிருப்பதும் வறண்டு தேயும். ரிப்பேருக்குக் கட்டுப்படியாகாமல் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பெட்டி தேடுகிறவர்கள் அங்கேயும் குச்சியை உருவியோ போல்ட்டைக் கழற்றியோ நிறத்தையும் வாடையையும் பார்த்த பிறகே விலை பேச வேண்டும். பூட்டும்போது, முன்பிருந்த பெட்டி எரிந்து உதிர்த்த தூள் ரேடியேட்டர் குழாய்க்குள் இன்னும் கிடக்கும் என்பதை மெக்கானிக்குக்கு நினைவுபடுத்த வேண்டும். அந்தக் குழாய்களைக் கழுவியோ மாற்றியோ தராவிட்டால் வண்டியை எடுக்கக் கூடாது.