சிப்பி கூடியதா, குறைந்ததா?

கேள்வி: பேரன் தரம் ஒன்றில் படிக்கிறான். கசூரினாக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளை இரண்டு வரிசையாக, வரிசைக்கு ஆறாக அடுக்கினேன். "இரண்டும் ஒரே அளவு" என்றான். ஒன்றை அகட்டி வைத்ததும், "இதிலைதான் கூட" என்கிறான். கணக்கு வராதோ? இப்போதே ரியூசனுக்கு விடலாமா?
— ஓர் அம்மம்மா, காரைநகர்

பதில்: வேண்டாம் அம்மா. நீங்கள் செய்தது உலகப் புகழ் பெற்ற பரிசோதனை! சுவிற்சர்லாந்தின் உளவியலாளர் ஜீன் பியாஜே (1896–1980) இப்படித்தான் பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தார். இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்பது ஏழு வயதளவில்தான் பிடிபடும் என்றார். அதுவரை நீளமும் உயரமுமே கண்ணை நிறைக்கும். மூக்குப்பேணிப் பாலை ஒடுங்கிய கிளாசில் ஊற்றினால் "பால் கூடிவிட்டது" என்பதும் இதனால்தான்.

ஆனால் 1970களில் ஸ்கொட்லாந்தில் மக்கரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற ஆய்வாளர்கள் வரிசையைக் கலைக்கும் வேலையைக் குறும்புக்காரக் கரடிப் பொம்மையிடம் விட்டார்கள். முன்னையைவிடக் கூடுதலான பிள்ளைகள் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் கலைத்துவிட்டு அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டால், வேறு பதிலை எதிர்பார்க்கிறார் என்று பிள்ளை நினைத்துவிடுமாம். மூத்தோர் சொல் தட்டாத எங்கள் வீடுகளில் கேட்கவும் வேண்டுமா?

ரியூசனுக்கு என்ன அவசரம்? புலமைப்பரிசில் பரீட்சை தரம் ஐந்தில்தான். இப்போது அவனைக் கூட்டாளிகளோடு விளையாட விடுங்கள். பங்கு பிரிக்கும் சண்டையிலும் கணக்கு உண்டு. அடுத்தமுறை வரிசையைப் பொம்மை கலைக்கட்டும். என்ன சொன்னான் என்று எழுதுங்கள்.