எள் வயலில் கொம்புப் புழு

எள் பயிரிட்ட வயலில் ஓரிரு நாட்களுக்குள் சில செடிகள் இலையெல்லாம் இழந்து வெறுந்தண்டாய் நிற்பதுண்டு. ஆட்டின்மீது பழி போடுமுன் செடியின் அடியை நோக்குதல் வேண்டும். மிளகினும் பெரிய கரிய எச்சம் உதிர்ந்து கிடந்தால், மேலே விரல் பருமனுள்ள புழு ஒன்று இலையோடு இலையாய் ஒட்டியிருக்கும். பச்சை உடல், பக்கங்களில் சாய்ந்த மஞ்சள் கோடுகள், வால்நுனியில் வளைந்த சொரசொரப்பான கொம்பு ஆகியவை இதன் அடையாளங்கள். சில புழுக்கள் பழுப்பு நிறமாகவும் இருக்கும். கொம்பைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அது கொட்டாது, அதில் நஞ்சும் இல்லை.

சர்க்கரைவள்ளிக் கொடியில் காணப்படும் கொம்புப் புழு வேறினம். அதன் கொம்பு வழவழப்பானது.

எள் புழு வளர்ந்து எதுவாக மாறுகிறது? இறக்கை விரித்தால் 8 முதல் 12 சென்டிமீட்டர் அகலமுள்ள பெரிய அந்துப்பூச்சியாக மாறுகிறது. அதன் முதுகில் மண்டையோடு போன்ற குறி உண்டு. கையில் பிடித்தால் தொண்டை வழியே காற்றை இழுத்து விட்டுக் 'கீச்' என்று ஒலிக்கும். ஐரோப்பியர் தம் நாட்டிலுள்ள இதன் உறவினத்தைச் சாவின் அறிகுறியென அஞ்சினர். விஞ்ஞானிகள் வைத்த பெயரும் அதற்கேற்றதே: ஸ்டிக்ஸ் என்பது கிரேக்கக் கதைகளில் வரும் பாதாள ஆறு!

மண்டையோட்டுக் குறியுள்ளவை மூன்று இனங்கள். அட்ரோபாஸ் என்பது ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழ்வது; நம் வயலுக்கு வாராது. மற்ற இரண்டும் இந்தியாவில் உண்டு. பின்னிறக்கை மஞ்சளாக, இரு கரும்பட்டைகளுடன் இருந்தால் அது ஸ்டிக்ஸ். மேற்காசியா முதல் ஜப்பான் வரை பரவியுள்ள இனம் இதுவே. பின்னிறக்கையின் அடிப்பகுதி கருத்திருந்தால் அது லாகெசிஸ்.

தேனீ வளர்ப்போர் இப்பூச்சியை அறிந்திருத்தல் நலம். இரவில் கூட்டினுள் புகுந்து தேனைக் குடிப்பது இதன் வழக்கம். பெட்டியின் வாயிலைத் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குக் குறுக்கிவிட்டால் போதும்.

தாய்ப்பூச்சி முட்டைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனி இலைகளில் இடுகிறது. ஆதலின் புழுக்கள் கூட்டமாய்த் திரள்வதில்லை. ஆனால் ஒரு புழுவே பல இலைகளைத் தின்று தீர்த்துவிடும். இதற்கெனப் பணம் செலவிட்டு வயல் முழுதும் மருந்து தெளிப்பது வீண் என்பதே நம் கருத்து. எச்சத்தைக் கண்ட செடிகளில் மட்டும் தேடிப் புழுக்களைக் கையால் பொறுக்கி அழிக்கலாம். வீட்டுச் சிறுவர்களும் இதைச் செய்வர். கத்தரியிலும் இவ்வாறே.

வளர்ந்த புழு மண்ணுக்குள் சென்று கூண்டுப்புழுவாகிறது. எள் அறுத்த நிலத்தைத் தாமதியாமல் ஆழ உழுதால் அவை மேலே புரண்டு வரும். ஏர்ப்பின்னே வரும் மைனாக்களும் கொக்குகளும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.