பெயிண்ட் உரித்த காரைத் துரு தின்னாமல் காக்க...

பழைய அம்பாசடரையோ பத்மினியையோ புதுப்பிக்கும்போது, பெயிண்டை உரித்த இரும்புத் தகட்டுக்கு ஈரக்காற்றே பகை. மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் ஒரே இரவில் செந்துரு படர்ந்துவிடும்.

● மொத்த காரையும் ஒரேயடியாக உரிக்காதீர்கள். இன்று கதவு, நாளை பானெட் எனப் பகுதி பகுதியாக உரித்து, அன்றன்றே பிரைமர் அடியுங்கள்.

● வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வை உப்பு பட்ட இடத்தில் விரல் ரேகை அப்படியே துருவாக எழும். கையுறை அவசியம்.

● இளந்துரு தெரிந்தால் உப்புத்தாளால் தேய்த்தெடுங்கள். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி பூசினால், டப்பாவில் சொன்னபடி கழுவி உடனே உலர்த்துங்கள். அமிலம் தங்கினால் பிரைமர் உரியும்.

● எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். சாதாரண பிரைமரும் பட்டியும் ஈரத்தை உறிஞ்சும். அவற்றை நம்பி மாதக்கணக்கில் விடக்கூடாது. ஸ்ப்ரே அடிக்கையில் ரசாயன ஆவியைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும்.

● வெல்டிங்கில் ஒன்றன்மேல் ஒன்று படியும் தகடுகளின் உட்புறம் துத்தநாக பிரைமர் பூசிவிட்டுப் பற்றவையுங்கள். பிறகு அங்கே பிரஷ் நுழையாது.

● பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே வியர்த்து நீர் கோக்கும். கூரைக்கடியில் நிறுத்தி, பருத்தித் துணி போர்த்துங்கள்.

● பெயிண்ட் வேலை முடிந்ததும் கதவின் உட்குழிவுகளில் மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள். அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் பாருங்கள்.