அஸ்பேர்கர் நிலையினரின் இயல்புகள்

1944ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியர் ஹான்ஸ் அஸ்பேர்கர், பெரியோர் போல் நுணுகிப் பேசியும் சக சிறாரோடு கூடிப் பழக அறியாத சிறுவர் நால்வரைப் பற்றி எழுதினார். 1981இல் ஆங்கிலேய வைத்தியர் லோர்னா விங் அம்மையார் அந்நிலைக்கு அவர் பெயரையே வழங்கினார். 2013 முதல் அமெரிக்க உளமருத்துவர் அதனை ஓட்டிசத்துள் அடக்குவர். நாட்சிகளின் சிறார் கொலைத் திட்டத்துக்கு அஸ்பேர்கர் துணைபோனமை 2018இல் வெளிப்பட்டபின், அப்பெயர் மறைவதும் நன்றே.

இத்தகையோர் பெரும்பாலும் பேசுவோர் முகம் நோக்கார்; ஒரு பொருளில் ஆழ்ந்தால், கேட்போர் சலிப்பை உணராது அதனையே உரைப்பர்; பாடவேளை திடீரென மாறின் கலங்குவர். சொல்லின் நேர்ப்பொருளையே கொள்வதுதான் வகுப்பறையில் அவர்க்குத் தண்டனை தேடித் தருவது. “கதவைத் திறக்க முடியுமா?” என ஆசிரியர் வினவின், “முடியும்” என விடையிறுத்து அம்மாணவன் அசையாதிருப்பான். அதனைச் செருக்கென்று பிரம்பெடுப்போரும் உளர். “கதவைத் திற” என்றால் உடனே எழுந்து திறப்பான்.