இருபத்து நான்கு கண்கள்: ஜப்பானியத் திரைப்படத்தில் ஓர் ஆசிரியை

முன்னுரை

போரில் தோற்ற ஒரு நாடு தன் தொடக்கப்பள்ளியை எவ்வாறு நினைத்துப் பார்த்தது என்பதை அறிய, 1954-இல் வெளிவந்த ‘இருபத்து நான்கு கண்கள்’ என்னும் ஜப்பானியப் படம் பெரிதும் உதவும். சகாயே சுபோய் 1952-இல் வெளியிட்ட புதினத்தைப் படமாக்கியவர் கெய்சுகே கினோஷிதா. ஆசிரியை ஓய்ஷியாக நடித்தவர் ஹிதேகோ தகமினே. குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ வெளிவந்த அதே ஆண்டில், ‘கினேமா ஜும்போ’ இதழ் முதலிடம் அளித்தது இப்படத்திற்கே.

கதை

1928-ஆம் ஆண்டு ஷோதோஷிமா தீவின் சிற்றூர்ப் பள்ளிக்கு, மேலை உடையணிந்து மிதிவண்டியில் வருகிறார் ஓய்ஷி. ஊரார் முகம் சுளிக்கின்றனர். முதல் வகுப்பில் பன்னிரண்டு குழந்தைகள். அவர்தம் கண்களே படத்தின் தலைப்பு. குழந்தைகள் விளையாட்டாய்த் தோண்டிய குழியில் விழுந்து அவர் கால் அடிபடுகிறது. அவரைக் காணக் குழந்தைகள் நெடுந்தூரம் நடந்தே செல்கின்றனர். அன்று அனைவரும் சேர்ந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்கின்றனர்.

ஆண்டுகள் செல்கின்றன. உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் பொதுவுடைமையாளர் என்ற ஐயத்தில் கைதாகிறார். மாணவர் கட்டுரைத் தொகுப்பொன்றைத் தலைமையாசிரியர் அச்சத்தால் எரித்துவிடுகிறார். சிறுவர்கள் போர்வீரராவதை விரும்பாத ஓய்ஷி பணியிலிருந்து விலகுகிறார். வகுப்பின் ஐந்து சிறுவருள் மூவர் போரில் மடிகின்றனர். ஒருவன் பார்வை இழக்கிறான்.

படம் எழுப்பும் வினா

ஓய்ஷி புரட்சி செய்யவில்லை, அழுகிறார். அக்காலப் பள்ளிகளில் 1890-ஆம் ஆண்டுப் பேரரசர் கல்வி ஆணை ஓதப்பட்டது. நாட்டுக்காக உயிர்விடுவதே கடமை என ஆசிரியர் பலர் கற்பித்தனர். அவ்வாறிருக்க, நல்லாசிரியை ஒருவரின் கண்ணீரைக் காட்டுவது மற்றவர் பொறுப்பை மறைப்பதாகாதா? இவ்வினா நியாயமானதே. ஆயினும் அந்த எரியும் தாள்களை நாம் மறத்தலாகாது. கொடியோர் சிலரால் மட்டுமன்று, அஞ்சி வாய்மூடிய நல்லோராலும் பள்ளி பாழ்படும் என்பதை அக்காட்சி உணர்த்துகிறது. 1947-இல் தோன்றிய ஜப்பான் ஆசிரியர் சங்கம், மாணவரை மீண்டும் போர்க்களத்துக்கு அனுப்போம் என்று 1951-இல் முழங்கியது. ‘மீண்டும்’ என்ற அச்சொல்லில் முன்பு அனுப்பிய குற்றத்தின் ஒப்புதலும் அடங்கியிருக்கிறது.

முடிவுரை

போர் முடிந்தபின் ஓய்ஷி அதே பள்ளிக்குத் திரும்புகிறார். புதிய குழந்தைகளின் முகங்களில் பழைய முகங்களைக் கண்டு கண்கலங்குகிறார். ‘அழுமூஞ்சி டீச்சர்’ எனப் பெயர் பெறுகிறார். பழைய மாணவர் கூடும் விருந்தில், பார்வையிழந்தவன் அப்புகைப்படத்தை விரலால் தடவி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் காட்டுகிறான். மாணவரைப் பெயரால் நினைவில் வைப்பது ஆசிரியர் கடமை. அப்பெயர்கள் மாண்டோர் பட்டியலில் சேராமல் காப்பது நாட்டின் கடமை.